புதன்கிழமை விட்ட படகு

சுருவில் கிராமத்து ஜெனீற்றாவுக்கு, அவள் வேலைக்குப் போய்வரும் நெடுந்தீவில் ஓர் ஆள் இருக்கிறாராம். ஆதாரம் வலுவானது: புதன்கிழமைகளில் மட்டும் அவள் பின்னேரத்து முதல் படகை விட்டுவிட்டுக் கடைசிப் படகில் திரும்புகிறாள். நெடுந்தீவு இறங்குதுறையில் படகைத் தவறவிட்டவர்கள் உண்டு. படகு போனால் போகட்டும் என்று திரும்பி நடந்தவரை எவரும் கண்டதில்லை.

விசாரித்துப் பார்த்ததில் வதந்தியில் பாதி உண்மை. ஆள் இருந்தார்.

ஜெனீற்றா குடும்பநல மாது, தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சி. விடிய முன்னமே இரண்டு நேரச் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தி, பஸ்ஸிலும் படகிலும் போய், நெடுந்தீவில் பிள்ளை பெற்ற பெண்களைச் சைக்கிளில் தேடிப்பிடித்து, மனச்சோர்வைக் கண்டறியும் படிவத்தில் உள்ள பத்துக் கேள்விகளைக் கேட்பாள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா? காரணமில்லாமல் அழுகை வந்ததா? புள்ளி கூடினால் டொக்டரிடம் அனுப்புவாள். மாசியில் நிலக்சனா என்ற இளந்தாய், பிள்ளையைத் தோளில் போட்டபடி திருப்பிக் கேட்டாள்: "மிஸ், நீங்கள் கடைசியா எப்ப சிரிச்சனீங்கள்?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்தவள், படகில் ஒரு வெற்றுப் படிவத்தைத் தனக்கே நிரப்பினாள். புள்ளியைக் கூட்டினாள். பிழையாக்கும் என்று திரும்பவும் கூட்டினாள். வேறொருத்திக்கு இவ்வளவு வந்திருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். மாமியார் அந்தத் தீர்ப்பை எப்போதோ எழுதி வைத்துவிட்டார். அவளுக்கு மூச்சு விடக் கிடைத்த ஒரே இடமோ அந்த வேலைதான். ஆகவே வாய் திறக்காமல், மனநல டொக்டர் தீவுக்கு வரும் புதன்களில் படகை விட்டாள்.

ஊர்க்கதை காதுக்கு வந்தபோது கணவன் கிறிஸ்தோப்பர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அடுத்த புதன் கடற்தொழிலைப் போட்டுவிட்டுத் தன் வள்ளத்திலேயே நெடுந்தீவுக்கு ஓடினான், ஆளைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க. கேட்ட இடத்தில் ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள். நோயாளர் வரிசையாக இருந்த வாங்கில் ஐந்தாவது ஆளாக, கையில் இலக்கத் துண்டோடு ஜெனீற்றா.

"ஆரைப் பார்க்க வந்தனீர்?" என்றான். வள்ளத்தில் வரும்போது அடுக்கி வைத்திருந்த வசனங்களில் அதுதான் மிச்சம்.

"டொக்டரை. இருங்கோ. உங்களையும் கூட்டிவரச் சொன்னவர்."

அடுப்பு மூட்டுவது யார், தண்ணீர் அள்ளுவது யார், பிள்ளைகளின் கொப்பி பார்ப்பது யார் என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லச் சொல்லக் கிறிஸ்தோப்பரின் குரல் இறங்கியது. வேலையை விட்டால் சுகமாகாதா என்று கடைசியாக அவனே கேட்டான்.

"அதையும் விட்டால் நான் முடிஞ்சன்" என்றாள் ஜெனீற்றா, டொக்டரைப் பார்த்தல்ல, அவனைப் பார்த்து.

இப்போது டொக்டர் தந்த மருந்து பாதியாகிவிட்டது. வேலை முழுசாகவே இருக்கிறது. காலை அடுப்பு கிறிஸ்தோப்பருடையது, புதன் என்றால் முழுக் குசினிச் சமையலும். மாமியார் முதல் புதன் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். இரண்டாம் புதன் பசித்தது. ஜெனீற்றா இப்போது ஒளிவுமறைவாகப் படகை விடுவதில்லை. நாலு பேர் பார்க்க நின்று, கை காட்டி அனுப்பிவிட்டுத்தான் திரும்புகிறாள்.

முதற்சமையலன்று பால் பிழியக் கிறிஸ்தோப்பர் பக்கத்து வீட்டு ஐயாத்துரையிடம் இரண்டு தேங்காய் கடனாக மாறினான். ஐயாத்துரை அதைத் திருப்பித் தரச்சொல்லி ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் ஜெனீற்றாவிடம்தான் கேட்கிறார்.

"கறி வச்சது அவரல்லோ அண்ணை, அவரைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடக்கிறாள். தேங்காய் இன்னும் போய்ச் சேரவில்லை.