கந்தகம் போடும் நாளைச் சொல்லாதவர்கள்

காத்தாயிக்கு அந்த மாசி மாதம் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்பதுதான் அவள் கட்சி.

எஹலியகொடையிலிருந்து எட்டு மைல் மேலே, ஒரு றப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறாள். வயது ஐம்பத்தொன்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டியவள். பட்டையைக் காயப்படுத்திவிட்டாள் என்று ஒரு கங்காணியும் அவளை ஒரு நாளும் ஏசியது கிடையாது. கத்தியைக் கையளித்துவிட்டு வந்த அதே வருடம் கொழும்பிலிருந்து அந்தத் திட்டம் வந்தது. தோட்டத்துப் பெண்களுக்குச் சொந்தத் தொழில். பதினெட்டு வீடுகளுக்கு, வீட்டுக்கு இரண்டு தேனீப் பெட்டி. உள்ளூரில் ஓர் இணைப்பாளர் வேண்டும் என்றார்கள். ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளைகள் நான்கு பேர் மனுப் போட்டார்கள். வேலை கிடைத்தது காத்தாயிக்கு.

சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் கூட்டத்தில் ஒரு நிபுணர் சுவரில் பூப்படங்களை ஒட்டி வைத்து, இந்தப் பக்கம் என்ன பூ அதிகம் என்று கேட்டார். எல்லோரும் செவ்வரத்தை, மல்லிகை என்று அடுக்கிக்கொண்டு போனார்கள்.

"பூவ விடுங்க ஐயா," என்று காத்தாயி எழுந்தாள். "றப்பர் துளிர் விடுற மாசத்துல மூணு எலையும் சேர்ற காம்புல இனிப்புத் தண்ணி கசியும். தேனீ அதத்தான் குடிக்குது. முப்பத்தெட்டு வருசமா மரத்தடியில நின்னவ சொல்றேன், எழுதிக்கங்க."

நிபுணர் எழுதிக்கொண்டார். பெட்டிகளை வைகாசியில் தருவோம், எங்கள் கணக்கு வருடம் அப்படி என்று அவர்கள் சொன்னபோதும் அவள் விடவில்லை. "மழையில பட்டினி கெடந்து சாகவா? கார்த்திகையில குடுங்க. தையில எலை உதிரும், மாசியில துளிர் வரும்," என்றாள். கார்த்திகையில்தான் வந்தன. கொழும்பையே தன் பஞ்சாங்கத்துக்கு இழுத்தவள் அவள். பயிற்சிக்கு ஆண்கள் வரக்கூடாது என்று சொன்னதும் அவளே. "இவனுங்க வந்தா பெட்டிய வித்துக் குடிச்சிருவானுங்க," என்று, எட்டிப் பார்க்க வந்த சொந்தத் தம்பி இராமசாமியைக்கூட வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

மாசி பிறந்தது. மரமெல்லாம் செம்புத் துளிர். பெட்டிகள் நாளுக்கு நாள் கனத்தன. முப்பத்தாறும் உயிரோடு இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தேனீ வெளியே கிளம்புகிற நேரத்தில், லயத்துக்குப் பின்னால் மெசின் சத்தம் கேட்டது. காத்தாயி வெளியே வந்து பார்த்தபோது மரங்களுக்கு நடுவே மஞ்சள் புகை படர்ந்துகொண்டிருந்தது. துளிர் இலையில் வெள்ளைப் பூச்சு நோய் விழாமல் இருக்கக் கந்தகத் தூள் அடிக்கிறார்கள். வருடா வருடம் அடிப்பதுதான். அவளுக்குத் தெரியாததா? ஆனால் எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முந்தின நாள் அந்தியிலேயே பெட்டி வாசல்களைக் கம்பி வலையால் அடைத்திருப்பாள். மத்தியானத்துக்குள் வாசல் பலகைகளில் செத்த தேனீ அரிசி மாதிரி குவிந்தது. மிச்சம் மீதி இருந்தவை கூட்டைவிட்டே பறந்தன. மூன்று நாளில் இருபத்திரண்டு பெட்டி காலி.

தோட்டத்து ஆப்பீசுக்கு நடந்தே போனாள். பீல்ட் ஒபிசர் விறாந்தையில் நின்றார். காத்தாயி அவரிடம் சிங்களத்திலேயே கேட்டாள். அவளுடைய சிங்களத்தில் குறை பிடிக்க அவருக்கும் வழியில்லை.

"மொதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாத்தயா?"

"நோய் வராம மருந்து போடுறது தோட்டத்து வேலை. அதுக்கு லயம் லயமாக் கடுதாசி அனுப்பணுமா?"

"கடுதாசி வேணாம். வாயால சொன்னா போதும்."

"எங்க காணியில பெட்டி வச்சது நீங்க. எங்களக் கேட்டா வச்சீங்க?"

"திட்டத்துப் பலகையில ஒங்க கம்பனி பேரும் பெருசா இருக்கே. அதையும் ஒங்களக் கேக்காமத்தான் எழுதிட்டாங்களா?"

அவர் முகம் சிவந்தது. "இன்னும் நாலு தடவ போடணும். என்னைக்குன்னு பனியப் பார்த்துத்தான் முடிவு. அத ஒனக்கு வந்து சொல்லணும்னு சட்டம் இல்ல. ஹரித?"

சரியா என்று கேட்கிறார். காத்தாயி திரும்பி நடந்தாள். பதினான்கு பெட்டிதான் மிச்சம். அடுத்த புகை வந்தால் அதுவும் போய்விடும்.

மறுநாள் திட்ட அதிகாரி சசி ஒரு படிவத்தோடு வந்தான். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், பட்டம் படித்தவன், நல்ல பிள்ளைதான், பயந்த பிள்ளை.

"அம்மா, அழிவுக்குக் காரணம்ங்கற எடத்துல 'நோய்'னு போட்டிருக்கேன். நீங்க கையெழுத்து வச்சா புதுப் பெட்டி வரும்."

"என்ன நோய் தம்பி?"

"பொதுவா தேனீக்கு வர்ற நோய்தான்."

"அந்த நோய் மெசின முதுகுல கட்டிக்கிட்டா வந்துச்சு?"

சசி குரலைத் தாழ்த்தினான். "கம்பனியப் பகைச்சுக்கிட்டா திட்டத்தையே வேற தோட்டத்துக்குக் கொண்டு போயிருவாங்கம்மா."

"கொண்டு போகட்டும். அங்கயும் றப்பர்தானே? அங்கயும் தூள் அடிப்பான், நீங்க நோய்னு எழுதுவீங்க. எனக்குப் புதுசு வேணாம். இருக்கற பதினாலும் நிக்கணும். அதுக்கு ஒங்க படிவத்துல எடம் இருக்கா?"

இடம் இல்லை. காத்தாயி பேனையை வாங்கினாள். 'நோய்' என்ற சொல்லை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்: கந்தகம். யாரும் சொல்லவில்லை. அதன் கீழே கையெழுத்தும் வைத்தாள். சசி படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்தான். சூடான சட்டியைப் பிடித்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

அன்று அந்தியில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். இராமசாமி சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். கல்லிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஓடியது.

"நீயாடா அடிச்ச?"

"நாலு பேர்ல நானும் ஒருத்தன்."

"எப்பச் சொன்னாங்க ஒங்களுக்கு?"

"மொத நா அந்தியில கங்காணி சொன்னாரு."

"ஒரு சொவருக்கு அந்தப் பக்கம்தானேடா நான் இருக்கேன். ஒனக்கு வாய் என்ன வெந்தா போச்சு?"

இராமசாமி சட்டையைப் பிழிந்து தோளில் போட்டான். "தூள் பட்டா தேனீ சாகும்னு எனக்கு எவன் சொன்னான்? கூட்டத்துப் பக்கமே வராதன்னு நாய வெரட்டுற மாதிரி வெரட்டின. பொம்பளைங்க சங்கதி, நமக்கு என்னன்னு இருந்துட்டேன்."

கொழும்பு நிபுணரை மடக்கியவள், ஒபிசரை மடக்கியவள், சட்டை துவைக்கிறவனிடம் மாட்டிக்கொண்டாள். மெசினைச் சுமக்கிறவன் யார் என்று ஒரு தடவைகூட அவள் யோசிக்கவில்லை. அந்தப் பிழை முழுக்க அவளுடையது. வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை, அப்படி ஒத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, "அந்த மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வா," என்றாள்.

நாலு பேரும் வந்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்து ராணியைக் காட்டினாள், புழுவைக் காட்டினாள், பக்கத்துப் பெட்டியில் காய்ந்துபோன அடையையும் காட்டினாள். காலியான பெட்டிகளில் இரண்டு அவர்கள் வீட்டுப் பெட்டிகள்.

"பனி இருக்கறப்பதானே தூள் எலையில ஒட்டும்?" என்று கேட்டாள்.

"ஆமா. வெயில் ஏறுனா எல்லாம் காத்துல போயிரும்."

"அப்ப நீங்க ஒரு மணி நேரம் குந்தியிருந்தாலே போதும்."

இந்தத் தடவை கங்காணி முந்தின நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வியாழன் இருட்டு விலகாத நேரம், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடிய பிறகுதான், இன்றைக்குத் தூள் என்றார்கள். நாலு பேரும் மெசின்களை இறக்கிவைத்தார்கள். இராமசாமி தன் மெசின் மேலேயே உட்கார்ந்தான்.

"என்னடா?" என்றார் பீல்ட் ஒபிசர்.

"அக்கா பெட்டிய அடைச்சிட்டு வரட்டுங்க."

"எந்த அக்கா?"

"இணைப்பாளர், மாத்தயா. பலகையில பேர் இருக்கு, ஒங்க கம்பனிக்குக் கீழ."

யாரோ சிரித்தார்கள். இன்றைக்கு ஒருவனுக்கும் பேர் கிடையாது, நாட்கூலி வெட்டு என்று ஒபிசர் கத்தினார். "சரிங்க," என்றான் இராமசாமி, எழும்பவில்லை.

அதற்குள் பெண்கள் காத்தாயியிடம் சேதி சொல்லிவிட்டு ஈரச்சாக்கோடு லயத்துக்குப் பின்னால் ஓடியிருந்தார்கள். காத்தாயி ஓடவில்லை. பதினான்கு பெட்டிக்கும் நடந்தே போனாள். ஒவ்வொரு வாசலிலும் வலையை வைத்து, விரலால் சுற்றி அமுக்கி, சாக்கைப் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். பத்து நிமிட வேலை. முக்கால் மணி நேரம் எடுத்தாள். எடுக்க வேண்டும் என்றே எடுத்தாள். அவள் களத்துக்கு வந்தபோது எதிர் மலையில் வெயில் விழுந்து, இலைகள் காய்ந்திருந்தன. அன்று தூள் மூட்டை பிரிக்கப்படவில்லை.

சனிக்கிழமை அந்தியில் லயத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பீல்ட் ஒபிசர். லயத்துக்கு இறங்கி வருகிற ஆள் இல்லை அவர். வண்டியைவிட்டு இறங்காமலே பேசினார்.

"நாளைக்குக் காலையில போடுறோம்."

"எந்தப் பக்கம்?"

"கீழ்ப்பிரிவு முழுக்க. அஞ்சரைக்கு."

"கடைசி வீடு வரைக்கும் கேக்கல மாத்தயா. இன்னொரு தடவ சொல்லுங்க."

லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் வண்டியை அணைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக.

"இதச் சொல்ல எவ்வளவு நேரம் புடிச்சுச்சு ஒங்களுக்கு?" என்றாள் காத்தாயி. "இருவத்திரண்டு பெட்டி போச்சு."

அவர் வண்டியைத் திருப்பினார். அவள் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தேனீக்கள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. அவள் வலைகளை எடுத்துக்கொண்டு, இராமசாமியின் கதவைத் தட்டப் போனாள்.