அண்ணனின் பிளாக் மெட்டல்

அண்ணன் இறந்து நான்கு மாதம் கழித்து, அவன் ஆர்டர் செய்திருந்த இசைத்தட்டு மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணி போன் செய்தார்.

"உங்க அண்ணன் பேருக்கு ஒரு பார்சல். பிரிக்க மனசு வரல. ஞாயித்துக்கிழமை வாங்க."

கொண்டாப்பூரிலிருந்து போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே எதிர்பார்ப்புதான். இதைக் கேட்டாலாவது அழுகை வந்துவிடும். காரியம் முடியும்வரை நான் அழவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. ஆபீஸ், மீட்டிங், சாப்பாடு எல்லாம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஐரோப்பாவில் எங்கோ குளிரில், முகத்தில் வெள்ளை பூசிக்கொண்ட நாலு பையன்கள் போட்ட ஆரம்பகால பிளாக் மெட்டல் ஆல்பம் அது; ராக் இசையிலேயே இருண்ட, இரைச்சலான வகை. கல்லூரி நாட்களில் அதன் கேசட் நகல் ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது. ஊரிலேயே நாலைந்து பேர்தான் அதைக் கேட்டிருப்பார்கள் என்று தலைகால் புரியாத பெருமை அவனுக்கு. அப்பாவின் பழைய டேப் டெக்கில் போட்டால், கிணற்றுக்குள் யாரோ மெதுவாக உறுமுவதுபோல வரும். அம்மா உடனே சாமி விளக்கை ஏற்றிவிடுவாள். பின்னாளில் கேசட் அறுந்துபோனது.

"இன்டர்நெட்ல கேக்க நக்கோடா, வேணாம். தட்டு வரட்டும், ஒண்ணா கேப்போம்" என்றான் அண்ணன், தட்டை ஆர்டர் செய்த அன்று. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்சலைப் பிரித்து, அவனுடைய பிளேயரில் தட்டைப் போட்டு ஊசியை வைத்தேன். கிட்டார் கொசுவாக ரீங்கரித்தது. யாரோ பிஸ்கட் டப்பாவைத் தட்டினார்கள். பாடுகிறவன் அவசர அவசரமாகக் கீச்சிட்டான். வேகத்தைத் தவறாக வைத்துவிட்டேனோ என்று பார்த்தேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில்தான் இருந்தது. தட்டு சரியாகத்தான் ஓடியது. இதற்கா இத்தனை வருஷம் என்று எரிச்சல்தான் வந்தது.

அண்ணி காபி டம்ளரோடு நின்று கேட்டார்.

"கல்யாணமான புதுசுல எனக்கும் போட்டுக் காட்டினாரே. இது அது இல்லையே?"

அப்போதுதான் உறைத்தது. தவறாக ஓடியது எங்கள் டெக். பெல்ட் தளர்ந்து, கேசட்டை மெதுவாகச் சுற்றியிருக்கிறது. நாங்கள் பயந்து பயந்து கொண்டாடிய ஆல்பத்தை அந்த நாலு பேர் வாசிக்கவே இல்லை.

"அந்த டெக்ல போட்டாதான் அப்படி வரும், அண்ணி."

டெக் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வீட்டை ஒழித்தபோது, ஓடாத சாமான் எதற்கு என்று பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் அதைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.

சுழலும் தட்டின் ஓரத்தில் விரலை லேசாக வைத்து அழுத்தினேன். குரல் இறங்கியது, கனத்தது.

"ஹவ், ஆமா, இதுதான்" என்றார் அண்ணி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. விரலை எடுத்தால் பாட்டு மறுபடி வேகம் பிடித்துவிடும். தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை விரலை எடுக்காமல் நின்றேன்.