டாப்பில் தேங்கிய தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரர் தன் தறியை விற்று ஆட்டோ வாங்கியபோது எனக்கு வயது இருபத்து நான்கு. அவரும் அக்காவும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதுவரை மூன்று பேரும் ஒரே கூடத்தில் மூன்று குழித்தறிகளில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் மட்டும் குழியை விட்டு எழுந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை தெனம் நாலு ஊரு பாத்துட்டு வர்றாரு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். நான் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பொறாமை. அதை வேறு பெயர் சொல்லி அழைக்க இப்போது எனக்கு விருப்பமில்லை.

அது நான்கு கை மாறி வந்த வண்டி. இன்ஜினில் குறையில்லை. மேலே போர்த்தியிருந்த ரெக்சின் டாப்தான் கந்தல். சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் அதைத்தான் எடுப்பேன்.

"மாமா, உங்க வண்டியில குந்திக்கினே நட்சத்திரம் எண்ணலாம். ஜோசியக்காரனுங்கதான் சவாரிக்கு வருவானுங்க."

அவர் சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பார். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு எரிச்சல் ஏறும்.

மழைக்காலம் நெருங்கியதும் டாப்பைத் தானே சரிசெய்வது என்று முடிவெடுத்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டாப் தைப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் விட்டால் வண்டி நாலு நாள் நிற்கும், அதற்குள் வாடிக்கைச் சவாரி கைமாறிவிடும் என்று மாமாவுக்குப் பயம். டாப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கிழிசல்களுக்கு உள்பக்கமாகப் பழைய டியூபை வெட்டி, பஞ்சர் சொலூஷன் தடவி ஒட்டினார். தறியில் மிச்சம் விழுந்த பட்டு நூலை நாலாக முறுக்கி, மெழுகுவர்த்தியில் இழுத்து, கோணி ஊசியால் ஓரமெல்லாம் தைத்தார். தையல் ஒரே சீராக இருந்தது. நெசவுக்காரன் கை அல்லவா. அதைப் பார்த்தும் எரிந்தது.

அதே நாட்களில் அக்காவின் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. சந்தன நிற உடல், அரக்கு பார்டர். நெய்வதற்குப் பட்டு கொடுக்கும் முதலாளி சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தார். "இதைப் பழுதில்லாம குடு, இனிமே கல்யாணப் புடவைப் பாவு மட்டும்தான் உனக்கு. கெடுத்தா வேற பாவே கெடையாது" என்று அவர் சொல்லியிருந்தார். நீளவாக்கில் ஏற்றும் அந்தப் பட்டு இழை, பாவு, வராவிட்டால் தறி வெறும் மரம். இருபத்தைந்து நாளாக அக்கா அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்து எழுந்தாள்.

டாப் மாட்டுவதற்கு முந்தின நாள் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். அந்த டாப் தைப்பவர் நடுப்பகல் வெயிலில் ஓர் ஆட்டோவின் மேல் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இந்த வெயிலிலா என்று கேட்டேன்.

"உச்சி வெயில்லதான் போடணும்பா. அப்பதான் ரெக்சின் இளகி இருக்கும். இழுத்துக் கட்டிட்டா, வெயில் தாழ்ந்ததும் வெறச்சிக்கும். காத்தால கட்டினா, வெயில் ஏற ஏற தொங்கிப்பூடும். ஒரு தபா தொங்கிச்சின்னா திரும்பாது" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு மாட்டிடலாம் மச்சான், ஒரு கை புடி" என்றார் மாமா.

அவர் அந்த நேரத்தைச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் தெருவில் பாவு இழைகளை விரித்து இழுப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் இழை காய்ந்து அறுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் துணி உலர்த்தும் கொடியைக்கூட நாங்கள் இருட்டோடு எழுந்துதான் கட்டுவோம். இழுத்துக் கட்டுகிற எதையும் வெயிலில் செய்ய எங்களில் யாருக்கும் தோன்றாது. எனக்கு மட்டும் அன்று விஷயம் தெரிந்திருந்தது. "சரி மாமா" என்றேன்.

காலையில் தெருவே எங்களைப் பார்த்தது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. உள்ளங்கை சிவக்க இழுத்தேன். கட்டி முடித்ததும் டாப்பை விரலால் சுண்டிப் பார்த்தார். டம்மென்றது.

"எப்படி மச்சான், பாவு மாரி நிக்குது பாத்தியா?"

"சூப்பர் மாமா" என்றேன். அவர் முகம் பூரித்துப் போயிற்று.

இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் டாப்பின் நடுவில் ஒரு சாண் பள்ளம் விழுந்திருந்தது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது படவில்லை. நான் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அன்றுதான் புடவையைக் கொடுக்க வேண்டிய நாள். வானம் கருத்திருந்தது. அக்கா புடவையை வெள்ளை வேட்டியில் சுற்றி, மேலே போட பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்தாள்.

"எதுக்குக் கவரு? டாப்புதான் புதுசு மாரி இருக்குதே" என்றார் மாமா. அவருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அக்கா தயங்கினாள். அப்போது நான் வாயைத் திறந்தேன். "இன்னாக்கா, உம் புருஷன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா? ஊரு எப்படி நம்பும்?"

அவள் கவரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

நானும் கூடப் போனேன். முதலாளியிடம் என் கணக்கும் இருந்தது என்பது சாக்கு. மாமாவின் தலையில் தண்ணீர் கொட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஒட்டு வலப்பக்கம் என்பதால் நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். அக்கா மடியில் புடவையோடு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

பாதி வழியில் மழை பிடித்தது. டாப் தலைக்கு மேல் மெல்ல இறங்கியது. பள்ளத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு மேல் சேர்ந்து வண்டியோடு ஆடியது. அக்கா புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவ்வளவும் வெளியே ஓடியிருக்கும். மழையில் ஆட்டோ ஏறிய எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. நான் கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு ஒரு கிண்டல் தயாராக இருந்தது. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாய்ந்து அவர் மேல்தான் விழும் என்று நினைத்தேன்.

குறுக்கே ஒரு மாடு வந்தது. மாமா பிரேக் அடித்தார். தண்ணீர் முன்னால் போகவில்லை. அந்த எடையில் ஒட்டுப் பிய்ந்து, அவ்வளவும் நேராக அக்காவின் மடியில் இறங்கியது.

என் வாயிலிருந்து கிண்டல் வந்தேவிட்டது. "மாமா, வண்டிக்குள்ளயே கோயில் கொளம் வெட்டிட்டீங்களே!"

அக்கா வேட்டியைப் பிரித்தாள். பார்டரின் அரக்குச் சாயம் கரைந்து சந்தன நிறத்தில் விரல் விரலாக இறங்கியிருந்தது. அவள் முந்தானையால் ஒற்றினாள். ஒற்ற ஒற்ற இன்னும் பரவியது.

முதலாளி புடவையை ஒரு முறை விரித்துப் பார்த்து மடித்து வைத்தார். திட்டக்கூட இல்லை. அடுத்த பாவு மட்டும் கொடுக்கவில்லை. வேறு முதலாளி யாரும் கொடுக்கவும் இல்லை; அந்தச் சேதி எங்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்விட்டது. அன்று கூடத்தில் அம்மாவும் நானும் இருக்கும்போதே அக்கா மாமாவைப் பார்த்து, "எந்தொழிலைக் கெடுக்கத்தான் இதைத் தெச்சீங்களா?" என்று கேட்டாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்காவின் தறிக்குழியைப் பலகை போட்டு மூடினோம். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, திரும்பி வந்ததும் படுத்துக்கொள்வாள். பலகையின் மேல் மாமா ஸ்டெப்னி டயரை வைக்க ஆரம்பித்தார்.

அடுத்த சித்திரையில் ஒரு நடுப்பகல். தெரு கொதித்தது. மாமா கழற்றிய டாப்போடு என் தறி அருகே வந்து நின்றார்.

"மச்சான், இதை உச்சி வெயில்லதான் போடணுமாம். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் இப்பதான் சொன்னாரு." சற்று நின்று, என் தோளில் கை வைத்தார். "நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாமப் பூடிச்சு பாரு. நீ பாவம், எனக்காக அன்னிக்குக் கை செவக்க இழுத்த."

"ஆமா மாமா" என்றேன். எழுந்து போய் இன்னொரு முனையைப் பிடித்தேன்.