கொடியில் போகும் படகு

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் ஹோரஸ் ரெபெட்டோ தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "ஓரத்து சிங்கி இறாலுக்கு இன்னொரு காலும் போச்சு!" எங்கள் டிரிஸ்டன் டா குன்யா தீவுக் கொடியின் உடல்நிலை குறித்து அன்றாடம் காலையில் அவர் வெளியிடும் அறிக்கை இது. கொடியை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. கிழிப்பது காற்றின் பொறுப்பு.

மற்ற தேசங்கள் தம் சின்னத்துக்குச் சிங்கத்தைக் காவல் வைக்கும். நாங்கள் இரண்டு சிங்கி இறால்களை நிறுத்தியிருக்கிறோம். சிங்கத்தை விற்று எங்கள் தீவில் யாரும் அடுப்பு மூட்டியதில்லை. இறால்களுக்கு நடுவே கேடயத்தில் அல்பட்ராஸ் பறவைகள். உச்சியில் எங்கள் நீளப் படகு. பிரிட்டனின் கொடி மேல்மூலையில் அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது.

படகில் ஆளே கிடையாது. அதுதான் வினை. கொடி வந்த நாளிலேயே ஹோரஸும் அவர் மனைவியின் தம்பி பேசில் லவரெல்லோவும் அதில் ஏறிக்கொண்டார்கள். இன்றுவரை இறங்கவில்லை.

"மூக்கப் பாருடா மாப்ளே, எங்க படகேதான். ஒங்க படகு நைட்டிங்கேல் தீவுக்கு வர்றதுக்குள்ள நாங்க முட்டை அவிச்சுத் தின்னுருப்போம்" என்பார் ஹோரஸ்.

"அவிக்கத் தண்ணி? ஒங்க படகுக்குள்ளயே தளும்புச்சே மச்சான்!"

மரச்சட்டத்தில் கித்தான் போர்த்திய படகுகள் அவை. நைட்டிங்கேல் தீவிலிருந்து பறவை முட்டையும் கொழுப்புமாகப் பாய்விரித்துத் திரும்பும்போது கரையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் பெண்கள் காதலின் அளவுக்கு வண்ண வளையம் வைத்துக் காலுறை பின்னுவார்கள். ஹோரஸின் காலுறையில் வளையம் முழங்காலை எட்டியிருந்த காலம் உண்டு. "இப்ப இந்தப் படகுச் சண்டைக்கு ஒண்ணொண்ணா உருவிட்டு வர்றேன்" என்கிறார் மனைவி மில்லிசென்ட்.

போன மாதம் பேசிலின் இதயம் மக்கர் செய்தது. கேப் டவுனுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். போவதற்கே ஒரு வாரக் கடல். திரும்புவது பற்றி மருத்துவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஹோரஸ் படகுப் பேச்சையே எடுக்கவில்லை. சண்டைக்குக் காத்திருந்து அலுத்துப்போன பேசில் கேட்டேவிட்டார்:

"என்ன மச்சான், படகப் பத்தி ஒண்ணுமே சொல்லக் காணோம்? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

ஹோரஸுக்குத் திடீரென்று வேலியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

பேசிலை ஏற்றிப்போக வந்த கப்பலிலேயே புதுக்கொடியும் வந்தது. பழையதை இறக்கிய ஹோரஸ், படகு மேலே தெரியும்படி அதை மடித்துக்கொண்டு துறைக்கு வந்தார். கப்பலுக்குப் போகும் இயந்திரப் படகில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்த பேசிலின் மடியில் வைத்தார்.

"இது என் படகு. இரவலாத்தான் தர்றேன். ஒழுங்கா நீயே திருப்பிக் கொண்டாந்து குடு."

"கிழிஞ்சிருக்கே?"

"நீ ஓட்டின லட்சணம்."

இயந்திரம் உறுமியது. படகு கப்பலை நோக்கித் திரும்பியது. பேசில் குனிந்து மடியிலிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு அதை மெல்லச் சுழற்றி, கொடியிலிருந்த படகின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.