தாழநல்லூர் தாண்டினால்

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்துக்குக் காலை பாசஞ்சரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதில் பாதி எனக்கு இல்லாமலே போன நாட்கள் உண்டு.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். நாலு வருடமாக அதே ரயில், அதே பெட்டி. தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கும் ஒரு டீச்சரக்காவும் உண்டு. அவருக்கு விருத்தாசலத்தில் ஏதோ பள்ளிக்கூடம்.

முதல் தடவை, தாழநல்லூரில் வண்டி நின்றது ஞாபகம் இருக்கிறது. கீரைக்கட்டோடு ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த நொடி வண்டி விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்கிறது. கீரைக்கார அம்மா எதிர் சீட்டில் ஒடுங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். என் முந்தானை நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். எச்சில். என்னுடையதுதான்.

"அக்கா, தூங்கிட்டனா?" என்று கேட்டேன்.

"ஆமா, நல்லா தூங்கினே. வேலை ஜாஸ்தியா?" என்றார் டீச்சரக்கா.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாளாவது அப்படி ஆனது. ஒரு நாள் ஜங்ஷனில் இறங்கும்போது வாயெல்லாம் பாக்கும் சுண்ணாம்புமாக நாறியது. நான் வெற்றிலையைத் தொட்டதே இல்லை. பிளாட்பாரக் குழாயில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து, கடைசியில் அங்கேயே வாந்தி எடுத்தேன். கம்பெனியில் அன்று பூராவும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காத்து கருப்பா இருக்கும். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வந்துடலாம்" என்றார். கோயிலுக்குப் போய்க் குறையைச் சீட்டெழுதிக் கட்டிவிட்டு வந்தோம். மறுவாரமும் தாழநல்லூருக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது நீங்கதானே? எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சு."

அவள் நீட்டிய போனில் ஒரு வீடியோ, அதில் நான் இருந்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வெறும் வாயை மாடு மாதிரி மென்றுகொண்டே இருந்தேன். ஒரு கை முந்தானையைக் கசக்கியது. பிறகு குனிந்து, சீட்டுக்கடியில் யாரோ வெற்றிலை துப்பி வைத்திருந்த காகிதக் கப்பை எடுத்து வாயில் வைத்தேன். சுற்றிலும் சிரிப்பு. "பாரு பாரு, ஆரம்பிச்சுட்டா!" என்று போனுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல். அது டீச்சரக்காவின் குரல்.

என் உதட்டை அறுத்துப் போடலாம் போல இருந்தது. கப்பை வாயில் வைத்தது என் உடம்பு, அதற்கே நான் அருவருத்தேன். ஆனால் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்தவரை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது. அந்தக் கையிலிருந்து எத்தனை நாள் இட்லி வாங்கித் தின்றிருக்கிறேன்.

மறுநாள் ரயிலில் கேட்டேன்.

"ஏங்க்கா, அந்தக் கப்பைப் புடுங்கிப் போட்டிருக்கலாம்ல?"

அவர் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது. "தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயம்மா. நீ டாக்டர்கிட்ட காமிப்பியேன்னுதான் எடுத்தேன்."

"அப்புறம் ஏன் தூங்கினேன்னு சொன்னீங்க? எனக்கு அனுப்பாம ஊருக்கெல்லாம் ஏன் அனுப்புனீங்க?"

"ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன். அது எப்படியோ போயிடுச்சு."

எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே வீட்டுக்காரரோடு ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். அப்போது எனக்கு எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டதற்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் அந்த நேரமே இல்லையே. வேறு வழியில்லாமல், கம்பெனிப் பெண்ணிடம் வாங்கி வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். டாக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. கீழ விழுந்து வெட்டி இழுக்கணும்னு இல்ல" என்றார் டாக்டர். "யாரு எடுத்தாங்களோ, நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. ஸ்கேனைவிட இதுல தெளிவா இருக்குது."

போனை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்தேன்.

மாத்திரை தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது தாழநல்லூருக்குப் பிறகும் எல்லாம் தெரிகிறது. ரயிலில் மட்டும் ஒரு வாய் தண்ணீர்கூட என்னால் குடிக்க முடிவதில்லை.

போன வாரம் ஜங்ஷன் படிக்கட்டில் டீச்சரக்கா என் தோளில் கை வைத்தார்.

"நல்லாயிட்டியாமே? என்னாலதானே நோயே தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கையை எடுத்துவிட்டுப் படியேறினேன். கம்பெனிக்கு அன்று கொஞ்சம் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தேன்.