பச்சை வந்தால்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் எதை மாற்றினாலும் கணினியே சோதித்து அறிக்கை எழுதும். தவறில்லை என்று அறிக்கை பச்சையாக இருந்தால், அந்த மாற்றத்தைத் தானாகவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் சுள்ளிக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. திரையில் சிவப்பு வந்தால் நிம்மதியாகச் சாயா குடிப்பார். பச்சை வந்தால் மட்டும் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

ஒரு மழை மதியம், "எல்லாம் பாஸ் ஆயாச்சே, இன்னும் என்ன பாக்குற?" என்றேன்.

"இது இன்னைக்கு உள்ளதில்ல சேட்டா, போன வாரத்து ரிப்போர்ட்டாக்கும். அதுக்கப்புறம் டெஸ்ட் ஒண்ணும் ஓடல. பழைய ஃபைல் அங்கேயே கிடக்கு, மெஷின் அதையே எடுத்துக் காட்டுது."

அப்படியானால் ஒரு வாரமாக அனுப்பியது எதுவும் சோதிக்கப்படவில்லை.

"ஆஸ்பத்திரில இருந்து கம்ப்ளைண்ட் ஒண்ணும் வரலியே" என்றேன்.

"கம்ப்ளைண்ட் எழுதுற பக்கத்தையும் இந்த வாரம்தானே சேட்டா மாத்தி அனுப்பினோம்?"

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுத ஒரு கட்டம்கூட இல்லாமல் வெறும் வெள்ளையாக நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் அவர் மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் திரை பச்சையானால் என் கைகள் தாமாக மடிக்குப் போய்விடுகின்றன.