முகம் தெரியாமல் லோரி கிளம்பாது

ரெஜினா அக்காவின் மகள் மெர்சி கைபேசியில் அழைத்தபோது நான் திரிங்காப் கடைத்தெருவில் காசிம் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் எஸ்டேட் டீ ஹவுஸ் சமையலறைக்குக் காய்கறி எடுக்கப் போகும் நாட்களில் அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கம். நன்றாக விடிந்த பிறகும் மூடுபனி விலகவில்லை. ஏற்றத்தில் வந்த காய்கறி லோரிகள் கண்ணுக்குத் தெரியாமல், விளக்குகள் மட்டும் தனியாக மிதந்து வந்துகொண்டிருந்தன.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள் மெர்சி. "ஈப்போ ஆஸ்பத்திரியிலதான். தூக்கத்துலயே."

என் முகத்தைப் பார்த்து காசிம் பாய் ரொட்டிக் கல்லுக்கடியில் அடுப்பைத் தணித்தார். யாரென்று சொன்னேன். அவர் சற்று நேரம் வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிவிட்டு, "கங்காணியம்மாவா? அந்தம்மாவுக்கு இந்த மலையில பாதிப் பேரு பயப்படுவாங்களே" என்றார். அஞ்சலிக்குரிய சொல் அல்ல அது. ஆனால் உண்மை. ரெஜினா அக்காவை அறிந்த உங்களுக்கும் அது தெரியும். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, பிறகு பறிப்பவர்களை மேய்க்கும் வேலைக்கு உயர்ந்தவர் அவர். அந்த வேலைக்கு இப்போது ஆங்கிலத்தில் வேறு பெயர் இருக்கிறது. மலையில் எல்லாரும் கங்காணி என்றுதான் சொல்கிறோம். உயரமான உருவம், சிரிக்காத முகம், கழுத்தில் சிலுவை, தோளில் எப்போதும் ஒரு மழைக்கோட்டு. நான் அப்போது கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. வயதில் இளையவன் என்பதால் என்னை அவர் "கிராணித் தம்பி" என்று கூப்பிடுவார். அதில் பாசத்தைவிட எச்சரிக்கைதான் அதிகம் இருக்கும்.

வேலை முடிந்து ஆட்களை லோரியில் ஏற்றும்போது அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எல்லாக் கங்காணிகளும் கூப்பிடுவார்கள். ஆனால் "இருக்கேன்" என்ற பதில் மட்டும் இவருக்குப் போதாது. பெயருக்குரிய ஆள் பக்கத்தில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். லோரிக்காரன் ஹாரனை அழுத்துவான். அவர் காதில் வாங்கமாட்டார். "கூட்டிட்டு வந்தது நானு. கொறையாம திருப்பிக் கொண்டுபோய் விடணும்" என்பார்.

ஒரு மதியம் ஓடைக்கு மேலிருக்கும் சரிவில் வேலை. பகல் உணவுக்குப் பிறகு பனி வந்தது. கீழிருந்து ஏறி வராமல், மேலிருந்து துணியைப் போட்டு மூடியது போல இறங்கியது. கைக்கெட்டிய தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். ரெஜினா அக்கா பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக முன்னே வந்து முகத்தைக் காட்டிவிட்டு லோரியில் ஏறினார்கள்.

"ரஃபீக்!"

வங்காளதேசத்திலிருந்து வந்த பையன் அவன். பதில் சொல்ல மட்டும் தமிழ் கற்றிருந்தான்.

"இருக்கேன் அக்கா."

குரல் எங்கள் அருகிலிருந்துதான் வந்தது. நான் கேட்டேன். லோரிக்காரன் கேட்டான். ஏறி உட்கார்ந்திருந்த எல்லாரும் கேட்டார்கள். ஆனால் யாரும் முன்னே வரவில்லை.

"ரஃபீக், இங்க வா."

"இருக்கேன் அக்கா" என்று மறுபடி அதே குரல், அதே தொனியில்.

"அதான் இருக்கேங்கிறான்ல. பின்னால ஏறியிருப்பான் லா. கெளம்பலாம், ரோடு மோசமாவுது" என்றான் லோரிக்காரன்.

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு லோரியின் பின்பக்கம் போய் ஒவ்வொரு முகமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரஃபீக் இல்லை. யார் பதில் சொன்னது என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தான் இல்லை என்று தலையாட்டினார்கள். சிலர் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"சத்தம் கேட்டுச்சு. மொகம் எங்க?" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "கிராணித் தம்பி, சாவியை எடுத்து வச்சுக்க. நா வர்ற வரைக்கும் லோரி போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினார். மூன்று பேரையும் பனி ஒரே வாயில் விழுங்கியது.

அவர்கள் அவனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. செடிகளுக்கிடையே இருந்த வடிகால் பள்ளத்தில் விழுந்து, தலை அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். மேலே பெய்த மழையில் வடிந்து வந்த நீர் அவன் காது வரை வந்திருந்ததாம். மருத்துவமனையில், இவன் விழுந்த கணத்திலேயே நினைவு போயிருக்கும், யாரையும் கூப்பிட்டிருக்கவே முடியாது என்றார்கள். ரஃபீக் பிழைத்துக்கொண்டான். இன்று தன் ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அன்று பதில் சொன்னது யார் என்ற பேச்சு லைன் முழுக்க நெடுநாள் ஓடியது. அந்தச் சரிவில் செத்துப்போன பழைய ஆள் ஒருவர் ரஃபீக்கைக் காப்பாற்றக் குரல் கொடுத்ததாக நம்பிச் சிலர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், சிலர் சூடம் கொளுத்தினார்கள். பல வருடம் கழித்து நான் அக்காவிடமே கேட்டேன். அவர் அந்தக் கதையை வெறுத்தார்.

"காப்பாத்துச்சா? என்ன தம்பி பேசுற! அந்தக் கொரல நம்பி நாம கெளம்பியிருந்தா அவன் செத்திருப்பான். அது நம்மள வீட்டுக்கு அனுப்பத்தான் பாத்துச்சு."

"அப்ப யாருக்கா அது?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "குளுரு. பசி. எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போவணும்னுதான் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்பிடித்தான். அதான் எல்லாருக்கும் கேட்டுச்சு."

அதைவிடப் பயங்கரமான பேய்க்கதையை நான் கேட்டதில்லை.

முழங்கால் தேய்ந்துபோனதும் அவரைத் தோட்டத்து வேலையிலிருந்து எடுத்து, சுற்றுலாக்காரர்கள் வரும் டீ ஹவுஸில் போட்டார்கள். நான் ஏற்கெனவே அங்கே மேற்பார்வையாளனாக மாறியிருந்தேன். வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசத் தெரியாத ஒருவரை அங்கே அனுப்பியது எனக்குத் தலைவலியாகத்தான் பட்டது. "இது முழுக்க இந்த மலைத் தேயிலைதானே?" என்று ஒரு பொட்டலத்தைக் காட்டிக் கேட்பார்கள். "பாதி. மீதி வெளியூரு. குடிச்சுப் பாருங்க, புடிச்சா வாங்குங்க" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. திரும்ப வரும்போது அவரையே தேடி வந்து கேட்டவர்களும் உண்டு.

நோய்த்தொற்று ஊரடங்கு முடிந்து கூட்டம் திரும்பி வந்த காலத்தில்தான் அந்த மணியோசை தொடங்கியது. சரிவுக்கு மேல் தூண்களில் நிற்கும் எங்கள் மர வராந்தாவை நீங்கள் அறிவீர்கள். படமெடுக்க எல்லாரும் முண்டியடித்த இடம். அதை ஒட்டிய சுவரில் கண்ணாடிக் கோப்பைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தோம். காலையில் கதவைத் திறந்ததும், யாரும் நடமாடாத கூடத்தில், அவை ஒன்றோடொன்று உரசி மெல்ல ஒலிக்கும். நாம் உள்ளே காலை வைத்ததும் நின்றுவிடும். போகப் போகப் பகலிலும் ஒலித்தன. வராந்தாக் கதவு, எந்நாளும் லேசாகத் திறப்பது, பிடித்து இழுத்தாலும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பரிமாறுகிறவர்களில் குமார் என்பவன் வாய்த்துடுக்கானவன். வெள்ளைக்காரன் காலத்துத் துரையம்மா ஒருத்தி தேநீர் கேட்டு வருகிறாள் என்று கதை கட்டிவிட்டான். அந்தக் கதை கைபேசிகளில் பரவியது. மணியோசையைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வராந்தாவில் நெருக்கியடித்து நிற்பார்கள். கோப்பைகள் ஒலித்ததும் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் மேனேஜரும் சிரித்தார். வியாபாரம் நன்றாக இருந்தது.

ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. ஒரு காலை அந்த முழங்காலோடு வராந்தாவுக்கு அடியில் இறங்கினார். நானும் போனேன். தூணின் அடியைக் காட்டினார். சுற்றியிருந்த மண்ணைக் காணோம். கையை நுழைத்தார், முழங்கை வரை போயிற்று. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் யாரோ நடப்பது போல மரம் முனகியது. மேலே ஆள் இல்லை, கதவைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தோம்.

"பேயே ஆனாலும் சொல்லிட்டுத்தான செய்யுது? நாமதான் வேடிக்க பாக்குறோம்" என்றார் அக்கா.

அன்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. இன்ஜினியரைக் கூப்பிடுகிறேன், பள்ளி விடுமுறை முடியட்டும் என்றார். விடுமுறையில் மூடினால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். வெளியே வந்ததும் குமார் கைபேசியை நீட்டி, "அக்கா, தூண வீடியோ எடுத்துப் போட்டுருவோம். அப்ப தெரியும் லா இவருக்கு" என்றான்.

"நேத்து வரைக்கும் பேய வித்த. இன்னிக்குத் தூண விக்கிறியா?" என்றார் அக்கா. "ஊரு சிரிக்கிறதுக்கு இல்ல இது. மொதல்ல அவருக்குச் சொல்லணும், சொல்லிட்டேன். இனி அவருக்கு மேல."

மறுபடி அறைக்குள் போனார். மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து, கைபேசியை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டார்.

"தொர, கோலாலம்பூர் ஆபீசுக்குப் பேசப் போறேன். ஒங்க முதுகுக்குப் பின்னால பேசக் கூடாதுன்னுதான் இங்க உக்காந்து பேசுறேன். தப்பாச் சொன்னா திருத்துங்க."

"வேலை போயிடும் ரெஜினா."

"ஒங்க சம்பளத்துல சாப்புடுறவ நானு. அதனாலதான் தொர சொல்றேன். வெளியாளா இருந்தா டீயைக் குடிச்சுட்டுப் போயிருப்பேன்."

தலைமை அலுவலகத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். இன்ஜினியர் வரும் வரை வராந்தாவை மட்டும் மூடச் சொன்னார். அக்கா கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் தானே உட்கார்ந்தார். படமெடுக்க வந்தவர்கள் ஏன் என்று கேட்டதற்கெல்லாம், "அடியில மண்ணு இல்ல" என்று ஒரே பதில் சொன்னார். தூரத்திலிருந்து வந்தவர்கள் திட்டினார்கள். மறுநாள் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு வந்து, ஒரே ஒரு படம் என்று கெஞ்சியது. அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று பிற்பகல், உள்ளே கூடம் நிறைந்திருந்த நேரத்தில், பனி வந்து கண்ணாடிக் கதவை வெள்ளையாக அடைத்தது. வராந்தா மறைந்தது. கோப்பைகள் ஒலித்தன. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு, நிரம்பிய கொழுந்து மூட்டையைத் தரையில் வைப்பது போல ஒரு மந்தமான சத்தம் கேட்டது. அவ்வளவுதான். யாரும் எழவில்லை, யாருக்கும் எதுவும் புரியவில்லை. அந்தப் பிறந்தநாள் வீட்டுக் குழந்தை மட்டும் கதவைக் கைகாட்டியது. பனி விலகியபோது கதவுக்கு அப்பால் எதுவுமே இல்லை. வராந்தா இருந்த இடத்தில் வானம் இருந்தது. பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார், முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் வெறும் காற்றும்.

அவர் எழுந்து முதலில் செய்தது, கூடத்தில் இருந்தவர்களை முன்வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியே அனுப்பியது. பிறகு கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன்பின் அவருக்கு யாரும் மாலை போடவில்லை. டீ ஹவுஸ் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வேலை இழந்தவர்கள் அவர் வாயைத்தான் பழித்தார்கள். கருநாக்கு, சொன்னாள், விழுந்தது என்றார்கள். கடைத்தெருவில் அவர் வந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரோ பூட்டிய டீ ஹவுஸ் ஆட்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் போடும் வேலை கொடுக்கச் சொல்லி மேனேஜரை நச்சரித்துக்கொண்டே இருந்தார். முதலில் வேலை கிடைத்தது குமாருக்கு. மேனேஜரும் விசாரணைக்கு வந்தவர்களிடம், "அந்தம்மா என்கிட்டதான் முதல்ல சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேசாமல் அக்கா எதிரே உட்கார்ந்து பேசியதற்கு அவர் காட்டிய மரியாதை அது என்று நினைக்கிறேன்.

கோலா தெர்லா தேவாலயத்தில் அடக்கப் பூசை நடந்தது. பாதிப் பேர் பயந்தவர்கள்தான், ஆனாலும் இடமில்லாமல் வெளியே நின்றார்கள். குமார் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். மேனேஜர் கடைசி வரிசையில் நின்றார். ரஃபீக்கின் அழைப்பு மெர்சியின் கைபேசியில் வந்தது. அவன் அழுததைத் தவிர எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை.

அவர் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. ஒரு பயம்தான் இருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் "ஒன்னும் இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும்போது என் பிடரியில் ஒரு குளிர் ஏறுகிறது. உடனே எழுந்து நானே போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குளிரை நான் விடமாட்டேன். அது ரெஜினா அக்கா எனக்குத் தந்தது.